பழைய கணினிக்கு எந்த ஃபயர்வால்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் கோயில் அலுவலகங்களிலும் தமிழ்ப் பாடசாலைகளிலும் சின்னக் கடைகளிலும் ஒரே கேள்வி அடிபடுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கையில் ரேண்ட் இல்லை. கணினிக்கு வந்துபோகும் இணைப்புகளைக் காவல் காக்கும் ஃபயர்வாலில் நல்லதாகப் பார்த்துப் போட்டுவிட்டால் பழையதையே ஓட்டலாமா?

சில இடங்களில் ஓட்டலாம், சில இடங்களில் கூடாது. எந்த ஃபயர்வால் என்பது உண்மையில் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த மெஷினில் என்ன வேலை நடக்கிறது, அதற்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், மூன்றாவதற்கான பதில் பெரும்பாலும் தானாக வந்துவிடும். அந்தப் பதில் பலருக்குச் சப்பென்று இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

பழையதை ஏன் விட முடிவதில்லை

பணம் ஒரு காரணம். தமிழ் வேலை நடக்கும் அறைகளில் இன்னொரு காரணமும் உண்டு: எழுத்துரு.

காவடி அழைப்பிதழ், ஆடிக் கூழ் நோட்டீஸ், பாடசாலைப் பயிற்சித்தாள் என்று இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத புது மெஷினில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அதனால் விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் ஒரு பெட்டி மூலையில் உயிரோடு இருக்கிறது. அதில் மசாலாக் கடையின் பழைய கணக்கு புரோகிராமும் இருக்கலாம், ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் டிரைவரும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, மேலே சொன்ன எந்த வேலைக்கும் இன்டர்நெட் தேவையில்லை.

ஃபயர்வால் செய்யும் வேலை

கணினிக்குள் வரும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு எண்ணைத் தேடி வருகிறது. அந்த எண்ணுக்குப் பெயர் போர்ட். 1 முதல் 65,535 வரை போர்ட்கள் உண்டு. கோப்புப் பகிர்வு 445-இல் காத்திருக்கும். தூரத்திலிருந்து திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் 3389-இல். ஒரு போர்ட்டில் ஏதாவது ஒரு புரோகிராம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது திறந்த போர்ட்.

ஃபயர்வால் என்பது இந்தப் போக்குவரத்துக்கு நிற்கும் காவல். அதைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

1. உள்வரத்து. வெளியிலிருந்து யாரோ தொடங்கி உள்ளே வரும் இணைப்பு. ஃபயர்வாலின் முதல் கடமை இதைத் தடுப்பது.

2. வெளிச்செலவு. உள்ளே இருக்கும் புரோகிராம் தொடங்கி வெளியே போகும் இணைப்பு. பிரவுசர் ஒரு தளத்தைத் திறப்பது இந்த வகை.

3. நிலை நினைவு. நீங்கள் வெளியே அனுப்பிய கேள்விக்கு வரும் பதிலை ஃபயர்வால் அடையாளம் கண்டு உள்ளே விடும். கேட்காமல் வருவதை விடாது. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் ஃபயர்வாலுக்கு இந்த நினைவு உண்டு.

நம் ஊர் வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். தெருவில் ஒரு கேட், வாசலில் ஒரு இரும்புக் கேட், ஜன்னலுக்குக் கம்பி. இவை எல்லாம் ஆள் உள்ளே வராமல் தடுக்கும். ஆனால் நாமே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்ட ஆள் திருடினால் கேட் என்ன செய்யும்?

நான்கு புழுக்கள் சொல்லும் பாடம்

ஃபயர்வால் எங்கே காப்பாற்றும், எங்கே கைவிடும் என்பதைப் பழைய நிகழ்வுகள் நன்றாகக் காட்டும்.

புழு என்பது மெஷினுக்கு மெஷின் தானாகவே பரவும் கெட்ட நிரல். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு 135-ஆம் போர்ட் வழியாக எக்ஸ்பி, விண்டோஸ் 2000 மெஷின்களுக்குள் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச், அதாவது மைக்ரோசாஃப்டின் திருத்தம், ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலையில் வந்திருந்தது. எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வாலும் இருந்தது. ஆனால் அதை யாராவது தேடிப்போய் ஆன் செய்ய வேண்டும்; பெரும்பாலோர் செய்யவில்லை. 2004 மே மாதத் தொடக்கத்தில் சாசர் பரவியபோதும் இதே கதைதான், போர்ட் மட்டும் 445. அந்த ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய புதுப்பிப்பு ஃபயர்வாலைத் தானாகவே ஆன் செய்து வைத்தது. விண்டோஸ் பாதுகாப்பில் அதைவிடப் பெரிய ஒற்றை மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்பேன்.

2008 இறுதியில் கான்ஃபிக்கர் வந்தது. அதுவும் 445-ஐத்தான் முதலில் தட்டியது. கொஞ்ச நாளில் யுஎஸ்பி குச்சி வழியாகவும் பரவக் கற்றுக்கொண்டது. கேட்டைப் பூட்டி வைத்தாலும் சட்டைப்பையில் வந்தால் என்ன செய்வது? எந்த ஃபயர்வாலாலும் அதைப் பார்க்க முடியாது.

2017 மே 12-இல் வந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை எல்லோருக்கும் நினைவிருக்கும். எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக, மீண்டும் 445-இல் நுழைந்தது. அதற்கான பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவை எல்லாம் எக்ஸ்பி என்று அப்போது பேசிக்கொண்டார்கள். உண்மையில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7; அப்போது ஆதரவில் இருந்த, பேட்ச் போடாமல் விட்ட மெஷின்கள்.

கூட்டிப் பார்த்தால்: வெளியிலிருந்து தானாகத் தட்டி வரும் புழுவுக்கு ஃபயர்வால் நல்ல மருந்து. யுஎஸ்பி குச்சி, மின்னஞ்சல் இணைப்பு, பிரவுசரில் திறந்த ஒரு பக்கம், அச்சகத்திலிருந்து வந்த சிடி ஆகியவற்றின் வழியே வருவதற்கு அது மருந்தல்ல. இன்றைக்குச் சின்ன அலுவலகங்களில் நடக்கும் கெடுதல் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஆதரவு முடிந்தால் எது நிற்கிறது

ஆதரவு முடிந்த நாளில் ஃபயர்வால் நின்றுவிடுவதில்லை. விதிகள் அப்படியே ஓடும். நிற்பது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச். தேதிகளை ஒருமுறை பார்த்துவிடலாம்.

1. எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8.
2. விஸ்டா: 2017 ஏப்ரல் 11.
3. விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி வரை நீட்டிப்பு இருந்தது.
4. விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10.
5. விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பில் சேரலாம். அதற்கு 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை பேக்கப் செய்தால் பணம் வேண்டாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்கு மெஷினுக்கு 61 டாலர்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர் ஃபயர்வால் தேடுவதற்கு முன் இந்த நீட்டிப்பில் சேர வேண்டும். அதைச் செய்யாமல் வேறு நிறுவனத்தின் ஃபயர்வாலுக்கு அலைவது, கூரை ஒழுகும்போது பூட்டு மாற்றுவது போல.

பேட்ச் நின்றுபோன மெஷினில் பிரவுசரும் பின்தங்கும். எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49. கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52-இன் நீட்டிப்புப் பதிப்பு. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு முடிந்தது. இப்படி ஒரு பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கு ஃபயர்வால் எந்த உதவியும் செய்யாது. ஏனென்றால் இணைப்பைத் தொடங்கியவர் அவரே.

முதல் ஃபயர்வால் ரூட்டரில் இருக்கிறது

ஃபைபரோ எல்டிஇ-யோ எதுவானாலும் வீட்டுக்குள் ஒரு ரூட்டர் உண்டு. வெளி உலகத்துக்கு அது ஒரே ஒரு முகவரியைக் காட்டி, உள்ளே இருக்கும் எல்லா மெஷின்களையும் அதன் பின்னால் மறைக்கிறது. இந்த முகவரி மாற்றத்தை நேட் என்பார்கள். கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று ரூட்டருக்குத் தெரியாது. அதனால் அதை உள்ளே விடாது. பிளாஸ்டர் காலத்தில் டயல்-அப் மோடத்தை நேராகக் கணினியில் செருகியிருந்தார்கள். இன்றைய நிலை அதைவிட எவ்வளவோ மேல்.

அந்த மேன்மையை நாமே கெடுத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. டர்பன் பக்கத்தில் முதலாவது வழி சிசிடிவி. கேமரா மாட்ட வந்தவர், ஃபோனில் படம் பார்க்க வசதியாக ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து பதிவுப் பெட்டிக்குத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். பெட்டியின் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததே இருக்கும். 2016-இல் மிராய் என்ற நிரல் உலகெங்கும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துச் சேர்த்தது இந்த மாதிரி மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். பதிவுப் பெட்டி பிடிபட்டால், ரூட்டருக்கு உள்ளே நின்றுகொண்டே பக்கத்து எக்ஸ்பி மெஷினின் கதவைத் தட்டலாம். அப்போது நேட் உதவாது.

ஆகவே ரூட்டரில் இதைச் செய்யுங்கள்:

1. போர்ட் திருப்பும் பக்கத்தைத் திறந்து, யார் எதற்காகப் போட்டது என்று தெரியாத வரிகளை நீக்குங்கள். 3389-க்கு ஒரு வரி இருந்தால் உடனே.

2. யுபிஎன்பி என்ற வசதியை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் போர்ட்டைத் திறந்துகொள்ள வழி தருவது அது.

3. விருந்தினர் வைஃபை இருந்தால், நிறைய ரூட்டர்களில் அது மற்றக் கருவிகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. இன்டர்நெட் கட்டாயம் வேண்டிய பழைய மெஷினை அதில் போடலாம். விருந்தினரைக் கூடத்தில் வைத்துவிட்டு நம் ஆளைத் திண்ணைக்கு அனுப்புவது மாதிரி இருந்தாலும் வேலை செய்யும். பொது பிரிண்டர் மட்டும் எட்டாது.

4. இன்டர்நெட்டே வேண்டாத மெஷினுக்கு, ரூட்டரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அந்தக் கருவிக்கு வெளி இணைப்பையே அடைத்துவிடலாம். குழந்தைகளின் நேரத்தைக் கட்டுப்படுத்தத் தரும் அதே வசதிதான்.

5. ரூட்டரும் ஒரு கணினி. அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கும் புதுப்பிப்பு வேண்டும்.

லோட் ஷெடிங் கடுமையாக இருந்த 2022, 2023-இல் இங்கே ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கரண்ட் போனதும் ரூட்டர் படுத்துவிடும். லேப்டாப்பை ஃபோன் ஹாட்ஸ்பாட்டிலோ யுஎஸ்பி டாங்கிளிலோ இணைப்பார்கள். அந்த நிமிடத்தில் ரூட்டரில் நாம் பார்த்துப் பார்த்துச் செய்தது ஒன்றும் கூட வராது. மெஷினுக்குள் இருக்கும் ஃபயர்வால் மட்டும்தான் துணை. விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் புது இணைப்பைக் கண்டதும் இது வீடா, அலுவலகமா, பொது இடமா என்று கேட்கும். ஹாட்ஸ்பாட் எதுவானாலும் பொது இடம் என்றே சொல்லுங்கள். அப்போது கோப்புப் பகிர்வு அடைபடும்.

எந்த விண்டோஸுக்கு எது

எக்ஸ்பி. ஃபயர்வால் தேடாதீர்கள், கேபிளைக் கழற்றுங்கள். கழற்றவே முடியாது என்றால் சர்வீஸ் பேக் 3 இருக்கிறதா என்று பார்த்து, உள்ளேயே இருக்கும் ஃபயர்வாலை ஆன் செய்து, விதிவிலக்குகளை அனுமதிக்காதே என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இந்த ஃபயர்வால் உள்வரத்தை மட்டும் பார்க்கும். வெளியே போவதைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசத் தெரியும். விண்டோஸ் 10-இன் 2017 இறுதிப் பதிப்பு முதல் புது நிறுவல்களில் அந்த முறை வருவதில்லை. எக்ஸ்பியிலிருந்து கோப்பு எடுக்க வேண்டும் என்பதற்காகப் புது மெஷினில் எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வானாகிரை வந்த கதவை நல்ல வீட்டிலும் திறந்துவைப்பது அது. யுஎஸ்பி குச்சியில் எடுத்துப் போங்கள். எக்ஸ்பியில் குச்சியைச் செருகியதும் தானாக நிரலை ஓட்டும் ஆட்டோரன்னை நிறுத்திவிட்டு, கான்ஃபிக்கரை மனத்தில் வைத்துக்கொண்டு.

பேஜ்மேக்கருக்காக மட்டும் எக்ஸ்பி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புது மெஷினுக்குள், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதில் எக்ஸ்பியை ஏற்றி, அந்த எக்ஸ்பியின் நெட்வொர்க் கார்டை அமைப்பில் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் அடிக்கலாம், வெளி உலகம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

விண்டோஸ் 7, 8.1. இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. விஸ்டாவில் விண்டோஸ் ஃபயர்வாலின் அடித்தளமே மாறியது. உள்வரத்து, வெளிச்செலவு இரண்டுக்கும் விதி எழுதலாம். ஆனால் வெளியே போவதை அது தானாகத் தடுப்பதில்லை, நாம் சொன்னால்தான். கன்ட்ரோல் பேனலில் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என்று முடியும் பக்கத்தைத் திறந்தால் இதெல்லாம் கிடைக்கும். அங்கே மூன்றே வேலை போதும்:

1. உள்வரத்து விதிகளில் கோப்புப் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப் இரண்டையும் தேவையில்லையென்றால் நிறுத்துவது.

2. தேவையென்றால், விதியின் ஸ்கோப் (எல்லை) பகுதியில் ஒரு குறிப்பிட்ட மெஷினின் முகவரியை மட்டும் எழுதுவது. கணக்கு எழுதும் மெஷின் மட்டும் வரலாம். வாசலில் நிற்பவரின் ஃபோன் வரக்கூடாது.

3. பொது இடப் பிரிவில் எல்லா உள்வரத்தையும் அடைப்பது.

இந்தப் பக்கம் கண்ணைக் கட்டுகிறது என்றால், விண்டோஸின் சொந்த வடிகட்டியையே இயக்கும் சின்னக் கருவிகள் உண்டு. டைனிவால் அந்த வகை: கேள்வி கேட்டுத் தொல்லை தராது; நீங்கள் அனுமதித்த புரோகிராமை மட்டும் வெளியே விடும். இந்த வகையின் நல்ல குணம், தனக்கென்று கெர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் அடிவயிற்றில், டிரைவர் எதையும் நுழைக்காமல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த அடித்தளத்தின் மேல் நிற்பது.

விண்டோஸ் 10. உள்ளே இருப்பதே போதும். நீட்டிப்பில் சேருங்கள்.

வேறு சிஸ்டங்கள். பழைய லினக்ஸில் உபுண்டு வகை என்றால் யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவி போதும். விதிகளைக் கையால் எழுதுகிறவர்கள் ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் என்ற இரண்டு லினக்ஸ் கருவிகளில் ஒன்றோடு நிற்க வேண்டும்; இரண்டிலும் விதி எழுதிவைத்தால் எது தடுக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். என்எஃப்டேபிள்ஸ் லினக்ஸ் கெர்னல் 3.13-ஓடு 2014-இல் வந்தது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஐபிடேபிள்ஸ். பழைய மேக்கிலும் ஒரு ஃபயர்வால் உண்டு. புது மேக்கில் போலவே அதுவும் முதலில் ஆஃப் நிலையில்தான் இருக்கும். ஆன் செய்தால் சரி.

பழைய ஃபயர்வால் என்ற பொறி

பழைய சிஸ்டத்துக்கு அந்தக் காலத்து ஃபயர்வாலே பொருத்தம் என்று நினைப்பது இயல்பு. சைகேட், கெரியோ, அவுட்போஸ்ட் என்று 2003 வாக்கில் பேர் பெற்றவற்றை இன்றும் சிலர் தேடி எடுத்துப் போடுகிறார்கள். சைகேட்டை 2005-இல் சைமன்டெக் வாங்கி நிறுத்திவிட்டது. அவுட்போஸ்ட்டின் தொழில்நுட்பம் 2015 இறுதியில் யாண்டெக்ஸுக்குப் போய், விற்பனை நின்றது. மற்றவற்றின் முடிவும் ஏறக்குறைய இதுதான்.

இதில் மூன்று சிக்கல்கள்.

முதலாவது, இவை கெர்னலுக்குள் டிரைவரை வைத்து இயங்குபவை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக யாரும் திருத்தாத டிரைவர் என்றால், கேட்டுக்குக் காவல் வைத்த ஆளே கிழவனாகித் தூங்குகிறான் என்று பொருள். அந்த டிரைவரில் ஓட்டை இருந்தால் கேட்டைத் தாண்டாமலே மொத்த வீடும் போகும்.

இரண்டாவது, எங்கிருந்து இறக்கினீர்கள்? நிறுவனத்தின் தளம் போன பிறகு யாரோ ஒருவர் சேர்த்துவைத்த பிரதிதான் கிடைக்கும். கீஜென் என்று, திருட்டு உரிம எண் உண்டாக்கும் இன்னொரு கோப்பும் கூட வந்தால், நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, எதிர்த் திசையில் வருவது: புதுக் கருவியைப் பழைய சிஸ்டத்தில் போடுவது. டிரைவர் நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து முறை 2019 முதல் ஷா-2-க்கு மாறியது. அதற்கான கேபி 4474419 என்ற புதுப்பிப்பு இல்லாத விண்டோஸ் 7, புது டிரைவரின் கையெழுத்தை நம்பாமல் ஏற்ற மறுக்கும். கருவி கெட்டது என்று நினைத்து வேறு எதையாவது தேடி அலைவதற்கு முன் அந்தப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஃபயர்வால்களை ஒரே மெஷினில் ஓட்டுவதும் வேண்டாம். ஒன்று விட்டதை இன்னொன்று தடுக்கும்; கடைசியில் எரிச்சலில் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள்.

வெளியே போவதைத் தடுக்க வேண்டுமா

இந்தக் கேள்வியில் கருத்து வேறுபாடு பழையது. தடுக்க வேண்டும் என்பவர்கள், உள்ளே புகுந்த கெட்ட நிரல் வீட்டுக்குப் பேச முடியாமல் போகும் என்கிறார்கள். சரிதான், அந்த நிரல் சாதுவாக இருந்தால். எக்ஸ்பியில் எல்லோரும் நிர்வாகி கணக்கிலேயே வேலை செய்தார்கள். நிர்வாகி உரிமை கிடைத்த நிரல் ஃபயர்வாலில் தனக்கு ஒரு விதியைத் தானே எழுதிக்கொள்ளும், அல்லது பிரவுசரின் தோளில் ஏறிப் போகும். அதனால் அன்றாட வேலைக்கு உரிமை குறைந்த கணக்கு ஒன்றை உண்டாக்குவது, எந்த வெளிச்செலவு விதியையும்விட அதிகப் பலன் தரும்.

ஒவ்வொரு முறையும் கேட்கும் வகைக் கருவிகள் இன்னும் மோசம். முதல் நாள் இருபது கேள்வி வரும். மூன்றாம் நாள் அலுவலகத்தில் உட்காரும் தன்னார்வலர் படிக்காமலே அனுமதி கொடுத்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தவர் அவர்.

ஒரே இடத்தில் மட்டும் வெளித்தடை மிக நன்றாக வேலை செய்யும்: ஒன்றிரண்டு வேலை மட்டும் செய்யும் மெஷின். கடையின் பில் போடும் பெட்டி ஒரே ஒரு சேவையகத்தோடு பேசினால் போதும் என்றால், எல்லாவற்றையும் அடைத்து அதை மட்டும் திறந்துவிடலாம். அதுவும் ரூட்டரில் செய்தால் இன்னும் உறுதி, ஏனென்றால் பெட்டிக்குள் புகுந்தவனால் ரூட்டரின் விதியை எளிதில் தொட முடியாது.

சட்டம் எங்கே வருகிறது

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, தகவலை வைத்திருப்பவர் பொருத்தமான, நியாயமான தொழில்நுட்பப் பாதுகாப்பைச் செய்ய வேண்டும் என்கிறது. தகவல் வெளியே போனால் 22-ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம்.

கோயில்கள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. சமய நம்பிக்கை இந்தச் சட்டத்தில் தனிக் கவனம் பெறும் தகவல். ஒருவரின் பெயர் கோயில் உறுப்பினர் பட்டியலில் இருப்பதே அவருடைய சமயத்தைச் சொல்லிவிடுகிறது. அங்கத்தினர் விவரங்களை வைத்திருக்கச் சமய அமைப்புகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் 2014-ஓடு பேட்ச் நின்ற மெஷினில் அடையாள எண்ணோடும் ஃபோன் எண்ணோடும் அதை வைத்திருந்தேன், மேலே ஒரு ஃபயர்வால் போட்டிருந்தேன் என்று சொன்னால் அது நியாயமான பாதுகாப்பு என்று யாரையும் நம்பவைப்பது கடினம். பேஜ்மேக்கர் பெட்டியில் அழைப்பிதழ் இருக்கட்டும். உறுப்பினர் பட்டியலை அதிலிருந்து எடுத்து, ஆதரவில் இருக்கும் ஒரு மெஷினுக்குக் கொண்டுபோங்கள். அழைப்பிதழ் கெட்டால் மறுபடி அடிக்கலாம்.

போட்டதைச் சோதிப்பது

ஷீல்ட்ஸ்அப் போன்ற தளங்கள் வெளியிலிருந்து உங்கள் போர்ட்களைத் தட்டிப் பார்த்துப் பதில் சொல்லும். எல்லாம் பச்சை என்று வந்ததும் தன் கணினியின் ஃபயர்வால் பிரமாதம் என்று மகிழ்கிறவர்கள் நிறைய. அந்தத் தளம் தட்டியது ரூட்டரை. கணினியில் ஃபயர்வாலை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே பச்சைதான் வரும். பார்த்ததும் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

கணினியின் ஃபயர்வாலைச் சோதிக்க, அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு மெஷினிலிருந்து தட்ட வேண்டும். என்மேப் என்ற இலவசக் கருவியில் பழைய மெஷினின் உள் முகவரியைக் கொடுத்தால், திறந்திருக்கும் போர்ட்களின் பட்டியல் வரும். 135, 139, 445, 3389 ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால், எந்த விதி திறந்தது என்று உள்வரத்துப் பட்டியலில் தேடி நிறுத்திவிட்டு, மறுபடி தட்டிப் பாருங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு மெஷினையும் இணைத்தும் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். கரண்ட் போன மாலையில் உங்கள் லேப்டாப் எப்படி நிற்கிறது என்று அப்போது தெரியும்.